ஃபிளைட் சிமுலேட்டரில் மேப்பும் கேமராவும்: எதை, எப்போது திறப்பது?

ஃபிளைட் சிமுலேட்டர் பழக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சாமான்களைப் பற்றியே இருக்கின்றன. எந்த ஜாய்ஸ்டிக் நல்லது, எந்த கிராபிக்ஸ் கார்டு போதும், ரடர் பெடல் கட்டாயம் வேண்டுமா? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கேமராவை எப்படி வைத்துக்கொள்வது, மேப் விண்டோவை எங்கே திறப்பது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஒருவர் ஒழுங்காகத் தரையிறங்கப் பழகுகிறாரா இல்லையா என்பது ஜாய்ஸ்டிக்கைவிட இந்த இரண்டில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்காகவே இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கண்ணும் சேர்ந்து மனிதனுக்கு இடமிருந்து வலமாக ஏறக்குறைய 200 டிகிரி தெரியும். கழுத்தைத் திருப்பினால் தோளுக்குப் பின்னாலும் தெரியும். இப்போது 27 அங்குல மானிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். அதிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்தத் திரை உங்கள் கண்ணில் பிடிக்கும் கோணம் 53 டிகிரிதான். நேராகப் பார்க்கும்போது இடப்பக்கம் 26, வலப்பக்கம் 26. விமானியின் பார்வையில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே நம்மிடம் இருக்கிறது. மீதி முக்கால் பங்கும் அறைச் சுவர்.

"ஜூமைக் குறைத்து அகலமாக வைத்துக்கொண்டால் போகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. எல்லா சிமுலேட்டரிலும் அது முடியும். 53 டிகிரித் திரைக்குள் 90 டிகிரிக் காட்சியை அடைக்கலாம். ஆனால் அப்போது ஓடுபாதை சிறுத்துப் போகும். சிறிதாகத் தெரிவதைக் கண் தூரத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். தரை இன்னும் தள்ளி இருக்கிறது என்று நினைத்து மூக்கைத் தூக்கத் தாமதித்தால் சக்கரம் தரையில் இடிக்கும். பயணத்தின்போது ஓரளவு அகலப்படுத்துங்கள், பரவாயில்லை. தரையிறங்கும்போது வேண்டாம். விளிம்பைக் காண்பதற்காக நடுவைக் கெடுத்துக்கொள்வது நஷ்டம்.

இந்தச் சிக்கல் புதிதல்ல, சிமுலேட்டரோடு கூடவே பிறந்தது. புரூஸ் ஆர்ட்விக்கும் அவரது சப்லாஜிக் நிறுவனமும் உருவாக்கிய நிரலை 1982-ல் மைக்ரோசாஃப்ட் ஐபிஎம் கணினிகளுக்காக வெளியிட்டது. சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சின்ன விமானநிலையத்திலிருந்து அதில் கிளம்புவார்கள். 1988-ல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே பல விண்டோக்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வைத்து, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ள வசதி செய்திருந்தார்கள். காக்பிட்டிலிருந்து ஒன்று, கண்ட்ரோல் டவரிலிருந்து ஒன்று, விமானத்தைப் பின்தொடர்ந்து வரும் ஒன்று. கட்டம்கட்டமான அந்தக் கால கிராபிக்ஸிலேயே இதற்கு இடம் ஒதுக்கினார்கள் என்றால், ஒரே காட்சியை வைத்துக்கொண்டு பறக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

சரி, எந்த இடத்தில் இது கழுத்தைப் பிடிக்கிறது? சர்க்யூட்டில்.

விமானம் ஓட்டப் பழகும் எவரும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி சர்க்யூட். கிளம்பி, இடப்பக்கம் திரும்பி, மறுபடி திரும்பி ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, பிறகு இரண்டு திருப்பங்களில் ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்குவது. செவ்வக வடிவில் ஒரு சுற்று. இணையாகப் பறக்கும் நீளப் பகுதிக்கு டவுன்விண்ட், அடுத்த குறுக்குப் பகுதிக்கு பேஸ், கடைசி நேர்கோட்டுக்கு ஃபைனல் என்று பெயர்.

இதற்கு நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்யும் இடம் புதுச்சேரி, லாஸ்பேட்டை விமானநிலையம். ஓடுபாதை 07/25, நீளம் சுமார் 1,500 மீட்டர். செஸ்னா 172-ல் 07 பக்கத்திலிருந்து கிளம்பினால் கடலை நோக்கிப் போவீர்கள். கடற்கரையை நெருங்கும்போது இடப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் திரும்பி, தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில், 250 டிகிரியில் மேற்கே பார்த்துப் போகிறீர்கள். இதுதான் டவுன்விண்ட். ஓடுபாதை உங்கள் இடப்பக்கம், ஒரு கடல் மைல் தள்ளி. வலப்பக்கம் ஆரோவில்லின் அடர்ந்த பச்சை. அந்தப் பச்சையின் நடுவே இருக்கும் மாத்ரிமந்திர் விமானநிலையத்துக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது; நீங்கள் 250 டிகிரியில் போவதால், அது உங்கள் வலத்தோளுக்கு நேராக வந்த சற்று நேரத்தில் இடத்தோளுக்கு நேராக ஓடுபாதை வரத் தொடங்கும். இவ்வளவு வசதியான அடையாளம் எல்லா ஊருக்கும் கிடைக்காது.

இப்போது உங்கள் திரையைப் பாருங்கள். நேர்க்காட்சியில் என்ன தெரிகிறது? மேற்கே வானமும் வயல்களும். ஓடுபாதை தெரியாது. அது 90 டிகிரி இடப்பக்கம் இருக்கிறது, உங்கள் திரையோ 26 டிகிரியில் முடிந்துவிட்டது.

ஓடுபாதையின் 07 முனை தோளுக்கு நேராக வந்ததும் இன்ஜின் சக்தியைக் குறைத்து, ஃப்ளாப்பை ஒரு படி இறக்கி, உயரத்தை விட ஆரம்பிப்பது வழக்கம். அந்த முனை இடத்தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் தெரியும்போது பேஸுக்குத் திரும்ப வேண்டும். மூக்கிலிருந்து கணக்கிட்டால் 135 டிகிரி. நேர்க்காட்சியை மட்டும் நம்பியிருப்பவருக்கு இந்த இரண்டு கணமும் தெரியவே தெரியாது. அவர் ஒரு குத்துமதிப்பில் திரும்புவார்.

அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். பேஸில் திரும்பி 160 டிகிரியில் போகத் தொடங்கியதும் "இப்போதாவது ஓடுபாதை கண்ணில் படும்" என்று எதிர்பார்ப்போம். படாது. நீங்கள் அந்த முனையிலிருந்து ஒரு மைல் மேற்கிலும் ஒரு மைல் வடக்கிலும் இருக்கிறீர்கள். அது உங்கள் மூக்குக்கு 45 டிகிரி இடப்பக்கம் இருக்கிறது. இன்னமும் திரைக்கு வெளியே. சிமுலேட்டரில் பழகுகிற அத்தனை பேரும் ஃபைனலைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு அவசரமாகச் சாய்த்துத் திருப்புவதற்குக் காரணம் இதுதான். கை சரியில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கையில் கோளாறு இல்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்க வழி செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எனவே மூன்று கேமரா போதும் என்பேன். ஒன்று நேர்க்காட்சி. இரண்டாவது இடப்பக்கம் 45 டிகிரியில், பேஸுக்காக. மூன்றாவது 112 டிகிரியில். அது என்ன 112 என்றால், திரையின் 53 டிகிரியை அந்த இடத்தில் நடுவாக வைத்தால் 86-லிருந்து 138 வரை தெரியும். தோளுக்கு நேரான 90-ம் உள்ளே வருகிறது, திரும்ப வேண்டிய 135-ம் உள்ளே வருகிறது. ஓடுபாதை முனை அந்தக் காட்சியின் வலது ஓரத்தில் இருந்தால் சக்தியைக் குறைக்கலாம். மெதுவாக நகர்ந்து இடது ஓரத்துக்கு வந்துவிட்டால் பேஸுக்குத் திரும்பலாம். ஒரே பொத்தானில் இரண்டு முடிவு. உங்கள் மானிட்டரின் அளவும் நீங்கள் உட்காரும் தூரமும் வேறாக இருந்தால் எண்கள் மாறும். ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.

சேமிக்கும் முறை எளிது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-ல் காக்பிட் பார்வையை வேண்டிய பக்கம் திருப்பி, கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணை அழுத்தினால் அந்தப் பார்வை பதிவாகும். பிறகு ஆல்ட்டோடு அதே எண். எக்ஸ்-பிளேனில் கண்ட்ரோலைப் பிடித்து நம்பர் பேடில் ஓர் எண்ணை அழுத்திப் பதியலாம், அந்த எண்ணை மட்டும் அழுத்தித் திரும்பப் பெறலாம். 2006-ல் வந்த எஃப்எஸ்எக்ஸை (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) இன்னும் வைத்திருப்பவர்கள் விமானத்தின் ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி கோப்பில் கேமரா வரிகளைச் சேர்க்க வேண்டும். சற்றுச் சிரமம்தான், ஆனால் ஒருமுறை எழுதினால் போதும். எந்த சிமுலேட்டராக இருந்தாலும், பதிந்த பிறகு ஜாய்ஸ்டிக் பொத்தானுக்கு அதை மாற்றிவிடுங்கள். தரையிறங்கும் நேரத்தில் கீபோர்டைத் தேடிக் கை போகக் கூடாது.

பக்கக் கேமராவுக்குப் போனால் இரண்டு விநாடிக்குள் திரும்பி வந்துவிடுங்கள். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விமானம் தானாகச் சாய்ந்து உயரம் மாறியிருக்கும். நிஜ விமானியும் இப்படித்தான் திரும்பிப் பார்த்து, உடனே முன்னால் பார்த்து, கருவிகளைப் பார்த்து, மறுபடி திரும்புகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செஸ்னா 172-க்கு இறக்கை தலைக்கு மேலே. டவுன்விண்டில் நேராகப் பறக்கும்போது இறக்கைக்குக் கீழே ஓடுபாதை அழகாகத் தெரியும். பேஸுக்காக இடப்பக்கம் சாய்த்த மறுகணம் இடது இறக்கை இறங்கி வந்து ஓடுபாதையை முழுக்க மறைத்துவிடும். திருப்பம் முடிந்து இறக்கை சமமானால்தான் மறுபடி காட்சி. இது சிமுலேட்டரின் குறை அல்ல, நிஜ செஸ்னாவிலும் இப்படித்தான். அதனால்தான் திரும்புவதற்கு முன்பே பார்த்து மனதில் பதித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பைப்பர் செரோக்கி மாதிரி இறக்கை கீழே இருக்கும் விமானத்தில் நிலைமை தலைகீழ்: திருப்பத்தில் ஓடுபாதை தெரியும், நேரே போகும்போது காலடி நிலம் மறையும். வெளிக் கேமராவில், அதாவது விமானத்தை வால்பக்கமிருந்து பார்த்துக்கொண்டே ஓட்டிப் பழகியவருக்கு இந்த வித்தியாசம் கடைசி வரை தெரியாது. விமானத்தின் குணத்தில் பாதி அதன் ஜன்னலில் இருக்கிறது.

கேமராவைப் பொத்தானில் வைக்காமல் தனி விண்டோவாகவே திறந்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். எஃப்எஸ்எக்ஸில் இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் புதிய காட்சி விண்டோ திறக்கும், வலது அடைப்புக்குறியில் மூடும். அதன்மேல் வலது கிளிக் செய்து பிரித்து, இரண்டாவது மானிட்டருக்கு இழுத்துக்கொண்டு போகலாம். எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிக் கோணம் கொடுக்கலாம். ஆனால் இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு கேமரா விண்டோவுக்கும் உலகத்தை முதலிலிருந்து இன்னொருமுறை வரைய வேண்டும். மரம், கட்டடம், மேகம், நிழல் எல்லாம் இரண்டாம் தடவை. ஓரளவு சக்தியுள்ள கணினியிலேயே காட்சி திக்கித் திக்கி வர ஆரம்பிக்கும். மேப் விண்டோ அப்படியல்ல, தட்டையான படம், பாரம் குறைவு. ஒரே கணினி, சாதாரண கிராபிக்ஸ் கார்டு என்றால் என் தீர்ப்பு இதுதான்: கேமராவுக்குப் பொத்தான், மேப்புக்கு விண்டோ. மூன்று மானிட்டர் வைக்க வசதியுள்ளவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பக்க மானிட்டரை மேஜையில் எத்தனை டிகிரி திருப்பி வைத்திருக்கிறீர்களோ அதே கோணத்தை செட்டிங்ஸிலும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிவானம் மானிட்டருக்கு மானிட்டர் முறியும்.

தலையசைவைப் பின்தொடரும் டிராக்ஐஆர், வெப்கேமராவை வைத்தே அதைச் செய்யும் இலவச ஓப்பன்டிராக், விஆர் கண்ணாடி இவையெல்லாம் நல்லவைதான். விஆரில் கழுத்தே கேமரா என்பதால் மேலே சொன்ன கணக்கு எதுவும் தேவைப்படாது. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள்.

இனி மேப்.

மேப் விண்டோ இல்லாத சிமுலேட்டர் இன்று அரிது. மைக்ரோசாஃப்ட் 2020-ல் 'வி' எழுத்தை அழுத்தினால் விஎஃப்ஆர் மேப் திறக்கும். எக்ஸ்-பிளேனில் மெனுவிலேயே இருக்கிறது. ஃபிளைட்கியரில் உள்ளே ஒரு மேப்பும், பிரவுசரில் திறக்கும் இன்னொரு மேப்பும் உண்டு. இவற்றுக்கு வெளியே லிட்டில் நவ்மேப் என்று ஒரு நிரல் இருக்கிறது. அலெக்சாண்டர் பார்த்தெல் எழுதி இலவசமாகத் தருவது, திறந்த மூல நிரல். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்களோடும் எக்ஸ்-பிளேனோடும் சேர்ந்து வேலை செய்யும். வழித்தடம் போடலாம், வழியிலுள்ள மலைகளின் உயரத்தைப் பக்கவாட்டுப் படமாகப் பார்க்கலாம், எங்கே இறங்கத் தொடங்க வேண்டும் என்று குறித்துக் காட்டும், பறந்த தடத்தைக் கோடாக விட்டுச் செல்லும். அதற்குள் ஒரு வெப் சர்வரும் இருப்பதால் பழைய டேப்லெட்டை மடியில் வைத்து பிரவுசரில் அதே மேப்பைத் திறக்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் டேப்லெட்டுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பிரதான திரையிலிருந்து மேப் போய்விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிரச்சினை என்று ஏன் சொல்கிறேன்? அக்கா பையன் விடுமுறைக்கு வந்திருந்தபோது எக்ஸ்-பிளேன் ஓட்டினான். கை நன்றாக நிற்கிறது. ஆனால் திரையின் பாதியை மேப் பிடித்திருக்கிறது, கண் முழுக்க அந்தச் சின்ன விமானக் குறியின் மேல். மேப்பை மூடச் சொன்னேன்.

"மாமா, மூடிட்டா எங்க இருக்கோம்னே தெரியாதே."

"ஜன்னல்ல என்ன தெரியுது, சொல்லு."

"தண்ணி."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்… அப்படின்னா தெற்க போறோமா?"

"கிழக்குக் கடற்கரைதானே? அப்ப தெற்கதான்."

அவ்வளவுதான் விஷயம். அவனுக்குத் தேவையான தகவல் ஜன்னலிலேயே இருந்தது. மேப்பில் நகரும் குறி அதைப் பார்க்கவிடாமல் வைத்திருந்தது. அதனால் என் வீட்டில் மேப்புக்கு ஒரே சட்டம்: முதலில் "இப்போது நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் மேப்பைத் திறக்கலாம். சரியாக இருந்தால் மகிழ்ச்சி. தவறாக இருந்தால், எதைப் பார்த்து ஏமாந்தோம் என்று தெரிந்துவிடும். இரண்டிலும் லாபம். குறியைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு இந்த இரண்டு லாபமும் கிடைக்காது.

இதைப் பழகுவதற்கு சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரையோரமாகப் போகும் வழி மிக உகந்தது. நேர்கோட்டில் 65 கடல் மைல், அதாவது 120 கிலோமீட்டர். செஸ்னாவில் 110 நாட்டில் போனால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். மீனம்பாக்கத்தில் கிளம்பி, கடலோரத்தைப் பிடித்து, தெற்கே திரும்பி 2,000 அல்லது 3,000 அடியில் நில்லுங்கள். கிளம்பும் முன் மேப்பை ஆற அமரப் பாருங்கள். அந்த நேரத்தில் மேப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நல்லதே. என்னென்ன அடையாளம் எந்த வரிசையில் வரும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முட்டுக்காடு கழிமுகம், கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்று முகத்துவாரம், மரக்காணம் உப்பளம், கழுவேலி ஏரி. பிறகு மேப்பை மூடிவிடுங்கள்.

முட்டுக்காட்டில் உப்பங்கழி கடலைத் தொடும் இடம் தெளிவாகத் தெரியும். அது இறக்கைக்கு நேராக வந்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். அங்கிருந்து பாலாற்று முகத்துவாரம் சுமார் 22 கடல் மைல். 110 நாட்டில் 12 நிமிடம். இடையில் மாமல்லபுரம் வரும். கடற்கரைக் கோயிலைத் தேடாதீர்கள், அந்த உயரத்திலிருந்து அது ஒரு புள்ளிகூட இல்லை. ஊரைக் கண்டுபிடிக்க பாறைக் குன்றும் கடற்கரையின் லேசான முனையும் உதவும். கடற்கரைக்கு உள்ளே, அதற்கு இணையாக பக்கிங்காம் கால்வாய் கூடவே ஓடி வருகிறது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை வரும் கால்வாய் அது. வழி தவறினால் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

பன்னிரண்டாவது நிமிடம் பாலாறு வர வேண்டும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேப்பில் பாலாறு நீலமாக இருக்கும். ஜன்னலில் நீலத்தைத் தேடினால் கிடைக்காது. செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை வரையும் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் உங்களுக்குத் தெரியப்போவது அகலமான மணல், வெளிறிய பழுப்பு நிறப் படுகை. நம் ஆறுகளை மேலிருந்து அடையாளம் காணப் பழகுவது என்றால் மணலை அடையாளம் காணப் பழகுவதுதான். கூடுதல் காட்சித் தொகுப்பு எதுவும் போடாத எக்ஸ்-பிளேனில் நிலம் வரைபடத் தகவல்களிலிருந்து உருவாக்கப்படுவதால் தோற்றம் வேறாக இருக்கும், மரக்காணம் உப்பளத்தின் வெள்ளைக் கட்டங்களும் அங்கே காணாமல் போகலாம். உங்கள் சிமுலேட்டர் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்து அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள்.

பாலாறு பன்னிரண்டு நிமிடத்தில் வராமல் பதின்மூன்றரை நிமிடத்தில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 22 மைலுக்குப் பதின்மூன்றரை நிமிடம் என்றால் நிலத்தின்மேல் உங்கள் வேகம் 98 நாட். ஆக எதிர்க்காற்று 12 நாட். எந்தக் கருவியையும் தொடாமல், ஒரு கைக்கடிகாரத்தையும் ஒரு வறண்ட ஆற்றையும் வைத்துக் காற்றை அளந்துவிட்டீர்கள். அங்கிருந்து புதுச்சேரிக்கு 35 மைல் சொச்சம். 98 நாட்டில் 22 நிமிடம் ஆகும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் விமானிகள் உலகத்தைச் சுற்றியது இந்த வித்தையை வைத்துத்தான். நகரும் குறியுள்ள மேப் திறந்திருந்தால் இந்தக் கணக்கைப் போட உங்களுக்குத் தோன்றவே தோன்றாது. லிட்டில் நவ்மேப்பில் விமானக் குறியை மட்டும் மறைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்து வைக்க முடியும். தாள் வரைபடத்துக்குச் சமமான அந்த நிலைதான் பழகுபவருக்கு ஏற்றது.

மேப்பில் வடக்கை மேலே வைப்பதா, போகும் திசையை மேலே வைப்பதா என்பது தீராத வழக்கு. தெற்கே போகும்போது கடல் உங்களுக்கு இடப்பக்கம். வடக்கு மேலே இருக்கும் மேப்பில் கடல் வலப்பக்கம். முதலில் தலை சுற்றும், உண்மைதான். போகும் திசை மேலே இருந்தால் இடமும் வலமும் பொருந்திவிடும். பெரிய விமானங்களின் வழிகாட்டும் திரையில் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறார்கள். இருந்தும் நான் வடக்கைத்தான் மேலே வைக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். போகும் திசைக்குத் திரும்பும் மேப்பில் ஊர்கள் ஒவ்வொரு பயணத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். வடக்கு நிலையாக இருந்தால் சில மாதங்களில் அந்தப் பிரதேசமே மனதில் குடியேறிவிடும், மேப்பைத் திறக்கும் தேவையே குறையும்.

கேமராவும் மேப்பும் இரண்டும் ஒருசேரத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஹாங்காங்கின் பழைய கைதக் விமானநிலையம். 1998 ஜூலை 6-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. சிமுலேட்டர் ஆட்களுக்கு மட்டும் அது இன்றும் கூடுதல் காட்சித் தொகுப்புகளில் திறந்தே இருக்கிறது. 13-ஆம் ஓடுபாதையில் இறங்க, கருவி காட்டும் வழியில் 088 டிகிரியில் ஒரு குன்றை நோக்கி வருவார்கள். குன்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தீட்டியிருக்கும். அதைக் கண்டதும் வலப்பக்கம் 47 டிகிரி திரும்பி, கௌலூன் மாடிக் கட்டடங்களுக்கு மேலே தணிவாக வந்து ஓடுபாதையைப் பிடிக்க வேண்டும். மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ஓடுபாதை வலப்பக்கம் 40, 50 டிகிரியில் இருக்கும்போது நம் திரை 26-ல் முடிகிறது. வலப்பக்கம் 45 டிகிரிக் கேமரா பொத்தானில் இல்லாமல் இதில் இறங்க முயல்வது கண்ணைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். மேப்பின் வேலை கிளம்பும் முன்பே முடிந்துவிட வேண்டும்: குன்று எங்கே, திருப்பம் எங்கே தொடங்குகிறது, தவறினால் எந்தப் பக்கம் ஏறிப் போவது. குன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் மேப்பைப் பார்க்க ஒரு விநாடி கிடைக்காது.

அப்படியானால் வெளிக் கேமரா எதற்கு? ரீப்ளேக்கு. அதில் அதற்கு நிகர் இல்லை. எக்ஸ்-பிளேனின் ரீப்ளேயில் பார்வையை வேண்டிய இடத்துக்கு மாற்றலாம், எஃப்எஸ்எக்ஸிலும் உடனடி ரீப்ளே இருக்கிறது. இறங்கி முடித்ததும் ஓடுபாதை முனைக்குப் பக்கவாட்டில் கேமராவை நிறுத்தி, கடைசி அரை நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். மூக்கு எப்போது உயர்ந்தது, எந்தச் சக்கரம் முதலில் தொட்டது, மையக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று எல்லாம் தெரியும். பிறகு லிட்டில் நவ்மேப்பில் நீங்கள் விட்டுச் சென்ற தடத்தைத் திறந்து செவ்வகத்தைப் பாருங்கள். ஓடுபாதை முனைக்கு நேரான இடத்திலிருந்து டவுன்விண்டில் ஒரு மைல், பேஸில் ஒரு மைல், ஃபைனலில் ஒரு மைல். 1,000 அடியை மூன்று மைலில் இறக்கினால் மைலுக்கு 330 அடி, ஏறக்குறைய 3 டிகிரிச் சரிவு. பெரிய விமானங்கள் இறங்கும் சரிவும் அதுதான். உங்கள் செவ்வகம் நீண்டிருந்தால் கடைசியில் தாழ்ந்துபோய் இன்ஜினைக் கூட்டியிருப்பீர்கள். குறுகியிருந்தால் உயரத்தில் மாட்டியிருப்பீர்கள். கேமராவில் கண்ட குறையின் காரணம் மேப்பில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்க்க வேண்டிய நேரம் அதுவே, பறக்கும் நேரம் அல்ல.

இந்த வாரம் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஸ்கேலால் திரையை அளந்து, 45-க்கும் 112-க்கும் இரண்டு பார்வைகளைப் பதிந்து, ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பொத்தான் கொடுங்கள். மேப்பை டேப்லெட்டுக்கு அனுப்பி விமானக் குறியை அணைத்துவிடுங்கள். காலை 7 மணி, காற்று இல்லை, தெளிந்த வானம் என்று வைத்து லாஸ்பேட்டையில் 07-லிருந்து கிளம்புங்கள். 1,500 மீட்டர் ஓடுபாதை செஸ்னாவுக்குத் தாராளம். முதல் சில சுற்றுகளில் இறங்கவே வேண்டாம். ஓடுபாதை எந்தக் காட்சியில், எந்த ஓரத்தில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு சுற்றுங்கள்.